லஸ்னா என்ன பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். சிலபஸ்ல இல்லாத கேள்விதான், அதனால பயப்பட வேணாம். மயிலாப்பூர் வழியா எப்பவாவது பஸ்ல போயிருப்பீங்க. ‘லஸ்... லஸ்... லஸ்ஸெல்லாம் முன்னாடி வா’ன்னு கண்டக்டர் கூவுறதைக் கேட்டிருப்பீங்க. லஸ் கார்னர்ல ஃப்ரெண்டுக்காக முக்கால் மணி நேரம் தேவுடு காத்திருப்பீங்க. லஸ் சர்ச் ரோட்டுல நாகேஸ்வர ராவ் பார்க் பெஞ்சுல உட்கார்ந்து கடலைகூட போட்டிருப்பீங்க (மறைக்காதீங்க, பாஸ்!). சரி, லஸ்ஸுன்னா என்ன?

எங்க கிளாஸ்ல பத்துப் பேர்கிட்ட கேட்டேன். ‘லஸ்னு ஒரு வெள்ளைக்காரன் இருந்திருப்பான். மவுன்ட் ரோட்டுல மன்றோ சிலை மாதிரி’ன்னான் ஒருத்தன். ‘அங்க லஸ்ஸி கடை ஃபேமஸா இருந்திருக்கும்’ – இது கடைசி பெஞ்ச். ‘அது ஷார்ட் ஃபார்ம்டா, எல் ஃபார் லேண்ட்...’னு ஆரம்பிச்சு அதுக்கு மேல போகத் தெரியாம முழிச்சான் டிபார்ட்மென்ட் டாப்பர். மயிலாப்பூர்லயே பொறந்து வளர்ந்த ஒருத்தி மட்டும் ரொம்ப யோசிச்சு, ‘லஸ்னா லஸ்தான். அதுக்கு என்ன அர்த்தம் வேணும்?’னு கேட்டா.

அர்த்தம் இருக்கு. லஸ்னா ஒளி. போர்ச்சுகீசிய வார்த்தை. லிஸ்பன்காரங்க வாயில அது ‘லூஷ்’னு வரும். பிரேசில்ல ‘லூஸ்’. நல்லவேளை, நாம பிரேசில் உச்சரிப்பைப் பிடிக்கலை. ‘மச்சி, நான் லூஸ் கார்னர்ல நிக்கிறேன்’னு போன்ல சொன்னா, ‘அது தெரியும், எந்த இடம்னு சொல்லு’ன்னு பதில் வந்திருக்கும்.

அந்த வார்த்தை மயிலாப்பூருக்கு வந்ததுக்கு ஒரு கதை சொல்றாங்க. போர்ச்சுகல்ல இருந்து வந்த பாதிரிமாருங்க சில பேர் கப்பல்ல வர்றாங்க. கடல்ல திசை தெரியலை. கரை எந்தப் பக்கம்னு புரியாம மாதாவை வேண்டிக்கிறாங்க. தூரத்துல ஒரு வெளிச்சம் தெரியுது. அதைப் பார்த்துக்கிட்டே கப்பலை ஓட்டி, கரை சேர்ந்து, இறங்கியும் நடக்குறாங்க. ஒரு காட்டுக்குள்ள போனதும் அந்த வெளிச்சம் மறைஞ்சுடுது. மறைஞ்ச இடத்துல ஒரு கோயில் கட்டி, ‘நொஸ்ஸா சென்யோரா த லூஷ்’னு பேர் வைக்கிறாங்க. அதாவது, ஒளியின் அன்னை. அந்தக் கோயில்ல இருக்குற கல்வெட்டு 1516-னு வருஷம் சொல்லுது. மெட்ராஸ்னு ஒரு ஊர் ஆரம்பிச்சதா நாம கொண்டாடுற 1639-க்கு 123 வருஷம் முன்னாடி!

கதையை நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா கோயிலைச் சுத்தி காடு இருந்தது நிஜமா இருக்கணும். ஏன்னா, நம்ம ஜனங்க அதுக்கு வெச்ச பேர் ‘காட்டுக் கோயில்’. தமிழ்ல முறைப்படி சொல்றப்போ ‘பிரகாச மாதா ஆலயம்’. இன்னிக்கு காடும் இல்ல, கடலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு அமைதியான தெருவுக்குள்ள போய் நின்னாத்தான் கோயிலே தெரியும். ஆனா அதோட பேர்ல இருந்த கடைசி வார்த்தை மட்டும் தனியா கழண்டு வந்து, ஒரு ரோட்டுக்கும் கார்னருக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் பேராகி, 500 வருஷமா கண்டக்டர்களும் ஆட்டோக்காரங்களும் நாமளும் சொல்லிக்கிட்டு இருக்கோம். ‘வெளிச்சம் ஒண்ணு குடுங்க’ன்னு டிக்கெட் வாங்குறோம்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. அதே போர்ச்சுகீசியர்கள்ட்ட இருந்து நாம வாங்கின மத்த வார்த்தைகள் எதுலயும் நமக்கு டவுட்டே வராது. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் அவங்க சரக்குதான். ‘ஜன்னலைத் திற’ன்னா யாரும் முழிக்கிறதில்ல. சாளரம், பலகணின்னு சொந்த வார்த்தைகளை வெச்சுக்கிட்டே ஜன்னலை அர்த்தத்தோட வாங்கிட்டோம். ஆனா அந்த ஜன்னல் வழியா வர்ற சமாச்சாரத்துக்கு அவங்க வெச்சிருந்த வார்த்தையை அர்த்தம் இல்லாம வாங்கிட்டோம். ஏன்னு யோசிச்சேன். ஜன்னலை விலை பேசணும், ஆசாரிக்கு அளவு சொல்லணும், உடைஞ்சா ரிப்பேர் பார்க்கணும். வெளிச்சத்தை யார்கிட்ட விலை பேசப்போறோம்? அதுக்கு நம்மகிட்டயே ஏகப்பட்ட வார்த்தை இருந்தது. வந்த வார்த்தைக்கு வேலை இல்லை. பேராகிடுச்சு.

ஃபுட்பால் வெறியர்கள் இப்போ கையைத் தூக்கியிருப்பீங்க. ஆமா பாஸ், லிஸ்பன்ல பென்ஃபிகா கிளப்போட ஸ்டேடியம் பேர்லயும் அதே ‘லூஷ்’தான். 2004 யூரோ ஃபைனல்ல கிரீஸ்கிட்ட தோத்து, 19 வயசு ரொனால்டோ தேம்பித் தேம்பி அழுதாரே... அதே கிரவுண்டு. 2014 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல பெனால்ட்டி போட்டு ஜெர்ஸியைக் கழட்டிட்டு நின்னாரே... அதே கிரவுண்டு. அந்தப் பேர் எப்படி வந்தது தெரியுமா? பக்கத்துல இருக்குற ஒரு கோயில்ல இருந்து. அங்க இருக்குறதும் அதே ஒளியின் அன்னைதான்! ரொனால்டோ அழுத இடத்துக்கும் நீங்க பஸ்ஸுக்கு நிக்கிற இடத்துக்கும் ஒரே பேர். பிரேசில்ல சாவோ பாலோ நகரத்துல ஒரு பழைய ரயில்வே ஸ்டேஷன் பேரும் லூஸ்தான். 2006-ல அங்க போர்ச்சுகீசிய மொழிக்குன்னே ஒரு மியூசியம் திறந்தாங்க. 2015 டிசம்பர்ல தீப்பிடிச்சு எரிஞ்சு, 2021-ல மறுபடி திறந்தாங்க. வெளிச்சம்னு பேர் வெச்ச ஸ்டேஷன்ல மொழிக்கு ஒரு மியூசியம்! மொழி மியூசியம் நமக்கு ஒண்ணு லஸ்ல வெச்சா எப்படி இருக்கும்? (எடுத்த உடனே காபி கடை எங்கன்னு கேட்பாங்க... தெரியும்.)

வார்த்தையோட பரம்பரையைத் தோண்ட ஆரம்பிச்சா நிறுத்த முடியலை. ‘லஸ்’ஸுக்கு அப்பா லத்தீன் ‘லக்ஸ்’. பேர் கேட்ட மாதிரி இருக்கா? காலையில தேய்ச்சுக் குளிச்சீங்களே, அதேதான். லீவர் கம்பெனி ‘சன்லைட்’ங்கிற பேர்ல வித்த சோப்புத் துகளுக்குத்தான் 1900-ல ‘லக்ஸ்’னு பேர் மாத்தினாங்க. வெளிச்சத்துக்கு வெளிச்சம்னே பேர்! எங்க லேப்ல வெளிச்சத்தை அளக்குற அலகும் லக்ஸ்தான். உச்சி வெயில்ல வெட்டவெளியில நின்னா லட்சம் லக்ஸ் வரைக்கும் வரும். முழு நிலா ராத்திரியில ஒரு லக்ஸ்கூடத் தேறாது. அந்த அரைகுறை நிலா வெளிச்சத்துலதான் மொட்டை மாடியில நம்ம ஆளுங்க கவிதை எழுதிக்கிட்டு இருக்காங்க. கண்ணு கெட்டுப்போகும், சொல்லி வைங்க.

அதே குடும்பத்துல ஒரு ரவுடிப் பையனும் இருக்கான். லூசிஃபர்! மோகன்லால் படத்துப் பேரா (2019) நமக்குத் தெரியும், சாத்தானோட பேரா உலகத்துக்கே தெரியும். லத்தீன்ல அதுக்கு ‘வெளிச்சம் கொண்டு வர்றவன்’னுதான் அர்த்தம். சூரியனுக்கு முன்னாடி கிழக்குல தெரியுற வெள்ளி கிரகத்துக்கு அவங்க வெச்ச பேர் அது. நம்ம ஊர்ல அதே கிரகத்துக்குப் பேர் விடிவெள்ளி. அங்க சாத்தான், இங்க ‘நீதான்டா இந்தக் குடும்பத்துக்கு விடிவெள்ளி’. அடையாறு ஆலமரம் இருக்கே, அந்த தியாசஃபிகல் சொஸைட்டியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பிளாவட்ஸ்கி அம்மையார், 1887-ல லண்டன்ல ஒரு பத்திரிகை தொடங்கி, தைரியமா ‘லூசிஃபர்’னே பேர் வெச்சாங்க. வெளிச்சம் கொண்டு வர்றவன்ங்கிற பழைய அர்த்தத்துலதான் வெச்சாங்க. எத்தனை பேர் அதைக் காது கொடுத்துக் கேட்டிருப்பாங்க? பேர் கெட்டுப்போனா போனதுதான்.

இன்னொரு சொந்தக்காரர் நம்ம சமையல்கட்டுலயே இருக்கார். சம்ஸ்கிருதத்துல ‘ருச்’னா ஒளிர்றது. லத்தீன் லக்ஸும் அதுவும் ஒரே வேர்ல இருந்து கிளைச்சதுன்னு மொழியியல்காரங்க சொல்றாங்க. அந்த ‘ருச்’ல இருந்து வந்ததுதான் ‘ருசி’. முதல்ல பளபளப்பு, அப்புறம் விருப்பம், கடைசியா நாக்கு! லஸ் கார்னர்ல நின்னு ஃபில்டர் காபி குடிச்சுட்டு, ‘ருசியா இருக்கு’ன்னு சொன்னா, தெரியாமலேயே ஒரே குடும்பத்து ஆளுங்க ரெண்டு பேரைச் சந்திக்க வெச்சுட்டீங்க.

சரி, தமிழ்ல ‘பிரகாச மாதா’ன்னு வெச்சாங்களே, அந்தப் பிரகாசத்துக்கு வருவோம். இதுவும் வடமொழி. ‘காஸ்’னா ஒளிர்றது, தெரியுறது. அதுல இருந்துதான் பிரகாசம், ஆகாசம். காசிங்கிற பேரையும் ஒளிர்ற ஊர்னுதான் விளக்குறது வழக்கம். ஆனா என்னோட ஃபேவரிட், அவகாசம். ‘சார், ரெக்கார்ட் நோட்டு முடிக்க ரெண்டு நாள் அவகாசம் குடுங்க சார்’னு ஹெச்.ஓ.டி ரூம் வாசல்ல நின்னு கெஞ்சுறோமே, அதுவும் இதே வேர்தான். இருட்டா இருக்கு, கொஞ்சம் இடைவெளி விடுங்க சார், வெளிச்சம் வரட்டும்னு கேட்குற மாதிரி!

பிரகாசம் இப்போ நம்மகிட்ட எப்படிப் பொழப்பு நடத்துதுன்னு பார்த்தா பாவமா இருக்கு. ஒண்ணு, ஆள் பேர். ஒவ்வொரு கிளாஸ்லயும் மினிமம் ரெண்டு பிரகாஷ் உண்டு. ரெண்டு, ரோட்டுப் பேர். பிராட்வேக்கு பிரகாசம் சாலைன்னு பேர். அது 1946-47-ல சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சரா இருந்த ஆந்திர கேசரி டங்குடூரி பிரகாசம் நினைவா வெச்சது. மூணாவது, நம்ம எல்லாருக்கும் அலர்ஜியான இடம்... ‘பிரகாசமான எதிர்காலம்’. ஆண்டு விழாவுல சீஃப் கெஸ்ட் சொல்வார், கரஸ்பாண்டென்ட் சொல்வார், கடைசியா நன்றியுரை சொல்ற பையனும் சொல்வான். இன்ஜினீயரிங் சேர்ந்த நாள்ல இருந்து நான் வாங்கின பிரகாசமான எதிர்காலங்களை வரிசையா தொங்கவிட்டா ரங்கநாதன் தெரு தீபாவளி சீரியல் செட் தோத்துடும். கேம்பஸ் இன்டர்வ்யூ வர்ற வருஷத்துல நிக்கிறவனைக் கேட்டுப் பாருங்க. அடுத்த வருஷம் இந்நேரம் எங்க இருப்பேன்னு மங்கலா தெரிஞ்சா போதும்பான். பிரகாசம்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

இங்கதான் எங்க ஆயா கதை உள்ள வருது. ஆயா லஸ் பக்கத்துல முப்பது வருஷத்துக்கு மேல பூ கட்டி வித்தவங்க. ‘லஸ்ஸாண்ட போய்ட்டு வரேன்’னுதான் எப்பவும் சொல்வாங்க. சில வருஷமா கண்புரை. ஒரு கண்ல முத்திப் போச்சு. ‘அதான் இன்னோரு கண்ணு கீதே’ன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தாங்க. பூ கட்டுறதுக்குக் கண்ணே வேணாம் அவங்களுக்கு. விரலே பார்த்துக்கும். ஆனா சில்லறை கொடுக்குறது கஷ்டமாச்சு. ரோட்டைத் தாண்டுறது அதைவிடக் கஷ்டம். சாயந்திரம் ஆனா, வர்ற வண்டியோட ஹெட்லைட் பூ மாதிரி விரியுதுன்னு சொல்வாங்க. மல்லிப்பூ இல்லையாம், சாமந்தியாம். அவ்வளவு பெருசா!

நான் என்ன பண்ணேன்? இன்ஜினீயரிங் படிக்கிற பேரன் என்ன பண்ணுவானோ அதைப் பண்ணேன். வீட்டுல பழைய பல்பைக் கழட்டிட்டு, கடையில இருந்ததுலயே பெரிய எல்.இ.டி. பல்பா வாங்கி மாட்டினேன். ஆயா ரெண்டு கையாலயும் கண்ணை மூடிக்கிட்டாங்க. ‘யப்பா, கண்ணு கூசுதுடா. வெளிச்சம் நெறைய கீது. ஆளுதான் தெர்ல’ன்னாங்க. டாக்டர்கிட்ட கேட்டப்போதான் விளங்கிச்சு. கலங்கிப் போன லென்ஸ் வழியா வர்ற ஒளி நேரா போகாம உள்ளே சிதறுது. அதிகமா அடிக்க அடிக்க, அதிகமா சிதறும். பல்போட வாட்ஸ் ஏத்துறதால ஒரு பிரயோஜனமும் கிடையாது.

எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். 1819-ல தொடங்கின ஆஸ்பத்திரி. ‘மெட்ராஸ் ஐ’னு உலகத்துக்கே நாம சப்ளை பண்ண பேர் அங்கேர்ந்து வந்ததுதான். முத்தின கண்ணுல ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் செய்றாங்க. பெரிய மெஷின்லாம் இல்லை. நல்ல கண்ணை மூடிட்டு, இன்னொரு கண்ணுக்கு முன்னாடி ஒரு டார்ச். அவ்வளவுதான். ‘வெளிச்சம் தெரியுதாம்மா?’ன்னு கேட்குறாங்க. ‘தெரியுது.’ அப்புறம் டார்ச்சை மேல, கீழ, காது பக்கம், மூக்கு பக்கம்னு மாத்தி மாத்திக் காட்டி, ‘இப்போ எங்கேர்ந்து வருது?’ன்னு கேட்குறாங்க. லென்ஸ் கல்லா இறுகிப் போனதால உள்ளே இருக்குற விழித்திரையை டாக்டரால நேரா பார்க்க முடியாது. வெளிச்சம் எந்தத் திசையில இருந்து வருதுன்னு பேஷன்ட் சரியா சொன்னா, உள்ளே விழித்திரை ஓரளவு உயிரோட இருக்குன்னு அர்த்தம். சொல்லத் தெரியலைன்னா, லென்ஸை மாத்தியும் பலன் இல்லாம போகலாம்.

பக்கத்துல நின்ன நான் எந்த ரிசல்ட்டுக்கும் அப்படிப் பயந்ததில்ல. டார்ச் மேல போச்சு. ‘மேல.’ காது பக்கம். ‘காதாண்ட.’ கீழ போச்சு. ஆயா பேசலை. டாக்டர் அசையாம பிடிச்சிருந்தாங்க. எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு. ‘இன்னாம்மா, கீழ கொண்டாந்து வெச்சுக்குனு கம்முனு கீற?’ன்னாங்க ஆயா.

அந்த இடத்துல யாரும் பிரகாசம்ங்கிற வார்த்தையைச் சொல்லலை. சொல்லியிருக்கவும் முடியாது. அங்க தேவைப்பட்டது வெளிச்சம். எனக்கு அன்னிக்குத்தான் இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் உறைச்சது. பிரகாசம்னா, ஒளி நம்மளை எவ்வளவு வேகமா வந்து அடிக்குதுங்கிறது. வெளிச்சம்னா, அதை வெச்சு நமக்கு என்ன தெரியுதுங்கிறது. இது அகராதி சொல்றது இல்ல, நான் சொல்றது. ஆனா வார்த்தையைப் பிரிச்சுப் பாருங்களேன்... வெளிச்சத்துக்குள்ள ‘வெளி’ இருக்கு. வெள்ளை, வெள்ளி எல்லாம் அதோட அக்கா தங்கச்சிங்கதான். ஒளிஞ்சிருக்குறது வெளியே வர்றதுதான் வெளிச்சம்.

‘ஒளிஞ்சிருக்குறது’ன்னு எழுதும்போதே கை நிக்குது. ஒளின்னா வெளிச்சம். அதே ஒளின்னா மறைஞ்சுக்கோன்னும் அர்த்தம்! எழுத்துக்கூட மாறலை. தமிழ் கத்துக்க வர்ற வெளிநாட்டுக்காரங்களை நினைச்சா எனக்குக் கவலையா இருக்கு. நாம மட்டும் என்னவாம், டி.வி. ஒளிபரப்புக்கும் ரேடியோ ஒலிபரப்புக்கும் நடுவுல நாக்கு சுளுக்கிக்கிறவங்கதானே. திருக்குறள்ல ‘ஒளி’ன்னா பல இடத்துல மதிப்புன்னு அர்த்தம். அதுலயும் பரிமேலழகர் உரையில ஒரு நுணுக்கம் இருக்கு. ஒளிங்கிறது ஒருத்தன் உயிரோட இருக்குறப்போ நாலு பேர் மதிக்கிறது. செத்ததுக்கு அப்புறமும் நிக்கிறதுக்குப் புகழ்னு தனிப் பேர். உயிரோட இருக்குறவரைக்கும்தான் ஒளி! வள்ளுவர் மயிலாப்பூர்க்காரர்னு நம்புறவங்க உண்டு, அவருக்கு அங்க கோயிலும் உண்டு.

‘விளங்கு’ன்னாலும் ஒளிர்றதுதான். விளக்கு, விளக்கம் எல்லாம் அங்கேர்ந்துதான். இந்தச் சொல்லை நம்ம வயசுப் பசங்க அளவுக்கு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ‘நீ எங்க வெளங்கப் போற?’, ‘வெளங்காதவனே!’, ‘கிழிஞ்சுது... வெளங்கிரும்!’ அப்பா திட்டுறப்போ இனி ஒரு நிமிஷம் ரசிச்சுக் கேளுங்க. அவர் சொல்றது, ‘மகனே, நீ ஒளிர மாட்டாய்’. ஒரு கோணத்துல ரொம்ப இலக்கியமான வசவு.

நாமளும் சும்மா இல்லை. கேம்பஸ்ல வெளிச்சத்துக்கு நம்ம பங்களிப்பு ரெண்டு: ‘பல்பு வாங்கிட்டான்’, ‘அவன் ஒரு ட்யூப்லைட்டு’. ரெண்டாவதுக்கு எங்க டிபார்ட்மென்ட் சார்பா ஒரு விளக்கம். பழைய ட்யூப்லைட்ல ஸ்விட்ச் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள்ள ஒரு சின்னப் பட்டை சூடாகி வளைஞ்சு ஒட்டணும், ட்யூபோட ரெண்டு முனையும் காயணும், பட்டை ஆறி விலகணும், அந்த நொடியில சோக் ஒரு ஹை வோல்டேஜ் உதை விடணும். அப்புறம்தான் எரியும். ஒரே உதையில எரியலைன்னா கண் சிமிட்டிக்கிட்டே நிக்கும். லேட்டா புரிஞ்சுக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது. ஆனா இப்போ மாட்டுற எல்.இ.டி. ட்யூப் போட்ட உடனே பளிச்னு எரியுது. ஸ்டார்ட்டரைப் பார்த்தே இராத ஒரு தங்கச்சியோ தம்பியோ, ‘ட்யூப்லைட்டுன்னா ஏன் லேட்டா புரியுறவன்?’னு நம்மளைக் கேட்குற நாள் ரொம்ப தூரத்துல இல்லை. ‘ட்யூப்லைட்டுன்னா ட்யூப்லைட்டுதான், அதுக்கு என்ன அர்த்தம் வேணும்?’னு நாம சொல்லப்போறோம். லஸ் லஸ்ஸானது அப்படித்தான்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மத்த கண்ணுக்கும் சில மாசம் கழிச்சு முடிஞ்சுது. ஆயாவை முதல்ல தி.நகருக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போனேன், புடவை எடுக்க. கடைன்னா கடை, அப்படி ஒரு கடை! மாடி மாடியா லைட்டு. போன்ல லக்ஸ் அளக்குற ஆப் வெச்சிருக்கேன், முள்ளு எகிறுது. பெருமையா காட்டினேன். ஆயா அதைக் கண்டுக்கவே இல்லை. ஒரு நீலப் புடவையைக் கையில எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, சேல்ஸ்கேர்ள்கிட்ட, ‘ம்மா, வாசலாண்ட எடுத்தாந்து காட்டு. வெளிச்சத்துல பாக்கணும்’னாங்க.

நீங்களும் பார்த்திருப்பீங்க, உங்க அம்மாவும் செஞ்சிருப்பாங்க. அவ்வளவு லைட்டுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, ‘வெளிச்சத்துக்குக் கொண்டு வா’ம்பாங்க. சிரிக்காதீங்க பாஸ், அதுல இயற்பியல் இருக்கு. சூரிய ஒளியில எல்லா நிறமும் தொடர்ச்சியா கலந்திருக்கு. கடை விளக்குல சில நிறம் தூக்கலா இருக்கும், சிலது குறைச்சலா இருக்கும். எந்த நிறம் குறையுதோ அது துணியில இருந்தாலும் கண்ணுக்கு சரியா வராது. நகைக்கடையில தங்கத்துக்கு மேல மஞ்சள் விளக்கும், வைரத்துக்கு மேல வெள்ளை விளக்கும் தொங்குறதைப் பாருங்க. அவங்களுக்கு இந்த சயின்ஸ் நல்லாவே தெரியும். விளக்கு எவ்வளவு சரியா நிறத்தைக் காட்டுதுன்னு அளக்க ஒரு எண் இருக்கு, நூறு தான் அதிகபட்சம். எங்களுக்கு அது ஒரு ரெண்டு மார்க் கேள்வி. ஆயாவுக்கு அது வாசப்படி.

சேல்ஸ்கேர்ள் சிரிச்சுக்கிட்டே வாசலுக்கு வந்தாங்க. ஆயா புடவையைப் பிரிச்சுப் பிடிச்சு, ரொம்ப நேரம் பார்த்தாங்க. புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை உள்ளே விடாம தடுக்கும். அதை எடுத்துட்டா நீலம் தனியா தெரியும்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. ‘இது ஊதான்னு சொல்லுவாங்களே, அது இல்லடா. நீலம்’னாங்க. அப்புறம் விலையைப் பார்த்தாங்க. நீலத்தைவிட விலை நல்லாவே தெரிஞ்சுது. வேற எடுத்தோம்.

வர்ற வழியில பஸ்ல ‘ஆயா, லஸ்னா வெளிச்சம்னு அர்த்தம், தெரியுமா?’ன்னு ஆரம்பிச்சு கப்பல், பாதிரி, காடு, கல்வெட்டு எல்லாத்தையும் ஒப்பிச்சேன். பொறுமையா கேட்டாங்க. ‘அந்த மாதா கோயிலுக்கு முப்பது வருசமா மாலை கட்டிக் குட்த்திருக்கேன். பிரகாச மாதான்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்’னாங்க. கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கிட்டு வந்தாங்க. திடீர்னு திரும்பி, ‘அப்போ லஸ்ஸுன்றதும் பிரகாசம்ன்றதும் ஒண்ணுதானா? ஒரே பேரத்தான் ரெண்டு வாட்டி சொல்லிக்கினு கெடந்தேனா?’ன்னாங்க.

ஆமான்னேன். என் முகத்தையே உத்துப் பார்த்தாங்க. ஏதோ பெருசா சொல்லப்போறாங்கன்னு நானும் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்தேன்.

‘இன்னாடா இது, மூஞ்செல்லாம் இவ்ளோ பரு?’ன்னாங்க.